பயில்வோன் இல்லத்து அடுப்பு

வேலை இழந்த குடும்பத் தலைவனைக் காணுங்கால் நம்மில் எவரும் தயங்காமல் கூறும் புத்திமதி ஒன்று உண்டு. வேறொரு தொழிலைக் கற்றுக்கொள் என்பதே அது. புத்திமதியில் குற்றமில்லை. ஆலை மூடியது, சுரங்கம் அடைபட்டது, கையால் செய்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. பழைய தொழில் இனித் திரும்பாது என்று தெளிந்த பின்னர்ப் புதியதொன்றைக் கற்பதன்றி வேறு வழி ஏது? ஆயினும் இப்புத்திமதியைக் கூறுவோர் அதற்கடுத்த வினாவைக் கேட்பதில்லை. ஆறு மாதமோ ஓராண்டோ பகல் முழுதும் அவன் பயிற்சிக் கூடத்தில் அமர்ந்திருப்பானாயின், அத்தனை நாளும் அவன் வீட்டு அடுப்பு எரிவது எதனால்?

இது கணக்கர்கள் தீர்க்க வேண்டிய விஷயம் என்று பலர் கருதுவர். நாம் அங்ஙனம் கருதவில்லை. ஒருவனைக் கற்கச் சொல்லும் சமுதாயம், அவனை நம்பியிருப்போருக்கு எவ்வளவு கடமைப்பட்டுள்ளது? கற்பவன் தன் பங்கில் தவறினால் அக்கடமையும் அற்றுப்போகுமா? இவ்விரண்டும் அறத்தைச் சேர்ந்த வினாக்கள். அன்பர்கள் சற்றே பொறுமையுடன் நம்மோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். தந்தையின் நிழலிலிருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால், அவனுக்குச் சோறு போடுவது தந்தையின் உழைப்பு. அங்கே கற்பவன் வேறு, காப்பவன் வேறு. காப்பவனே கற்பவனாக வேண்டி வரும்போதுதான் நமது வினா எழுகின்றது. நாற்பது வயது, மனைவி, பள்ளிக்குச் செல்லும் இரு குழந்தைகள், மருந்து வேண்டும் தாய், மாதம் பிறந்தால் வாடகை. இத்தகையவனை மனத்தில் கொண்டு வகுத்த பயிற்சித் திட்டங்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. 2014-இல் கிராமப்புற வாலிபர்க்கென வந்த தீனதயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா, பொதுவாக 15 முதல் 35 வயதினரை அழைத்து, தங்க இடமும் உண்ண உணவும் தந்து கற்பிக்க வழி செய்தது. மெச்சத்தக்கதே. ஆனால் அங்கு வைத்த தட்டு ஒன்றுதான். அவன் விட்டு வந்த வீட்டில் எத்தனை தட்டுகள் என்று அத்திட்டம் வினவவில்லை.

நாம் வாழும் கர்நாடகத்தில் 2024 ஜனவரியில் யுவநிதி என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. படித்து வேலை கிட்டாத பட்டதாரிக்கு மாதம் 3,000 ரூபாயும், டிப்ளமா பெற்றவருக்கு 1,500 ரூபாயும் இரண்டாண்டு வரை தருவதென வகுத்தனர். மேற்படிப்பைத் தொடர்பவருக்கு அத்தொகை இல்லை என்பது அதன் விதிகளில் ஒன்று. விதி செய்தோரின் எண்ணம் நமக்குப் புரியாமலில்லை. படித்துக்கொண்டிருப்பவன் வேலை தேடுபவன் அல்லன் என்று அவர்கள் கொண்டனர். அதன் பயனையும் பாருங்கள்: வீட்டில் இருந்து விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தால் உதவி உண்டு, எழுந்து போய் இன்னொன்றைக் கற்கத் தொடங்கினால் இல்லை. வேலையற்றவன் என்ற பெயரும் மாணாக்கன் என்ற பெயரும் ஒருவனுக்கு ஒருசேர இருக்கலாகாது போலும்!

நாம் பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் பதினைந்தாண்டுக்கு மேல் நூற்புப் பகுதியில் நின்று உழைத்தோம். அவ்வாலை மூடிய பின்னர், ஒரு நிறுவனத்தார் நம் பேட்டைக்கு வந்து, மின்கம்பி வேலையும் மோட்டார் சுற்றும் வேலையும் ஆறு மாதம் இலவசமாகக் கற்பிப்பதாக அறிவித்தனர். முதல் வாரம் கூடம் நிறைந்தது. இடமின்றித் தாழ்வாரத்தில் நின்று கேட்டவரும் உண்டு. மூன்றாம் மாதம் பாதிப் பலகைகள் காலி. நின்றுவிட்டவர்கள் எங்கே போயினர் என்பதை நாம் அறிவோம். சிலர் கலாசிப்பாளையத்தில் மூட்டை தூக்கினர். சிலர் கட்டடங்களில் சென்ட்ரிங் பலகை சுமந்தனர். ஷிப்டு தவறாமல் இரவும் பகலும் நூல் அறாமல் காத்த கைகள் அவை. நிறுவனத்தாரில் ஒருவர், "உங்கள் ஆட்களுக்கு ஊக்கம் போதாது" என்று வருத்தத்தோடு கூறினார். நல்ல மனிதர்தாம், தீய எண்ணத்தால் கூறியதன்று. அன்று மாலையே நம்முடன் வேலை செய்த ஒருவரின் மனைவியார், தம் கணவர் பயிற்சியை விட்டதைக் குறித்து நாம் கேட்டபோது, "சர்டிபிகேட்டைக் காய்ச்சிக் குடிக்க முடியுமா அண்ணா?" என்றார். அவரிடம் எதிர்த்துச் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை.

இலவசப் பயிற்சி என்னும் சொல்லே ஆராயத்தக்கது. ஆசிரியருக்குச் சம்பளமும் கருவிக்கு விலையும் பிறர் கொடுத்துவிட்டால் பயிற்சி இலவசம் என்கின்றோம். கற்பவன் கட்டும் கட்டணம் வேறொன்று உண்டு. அஃது அவன் இழக்கும் கூலி. அதன் அளவை நாமாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி விசுவகர்மா திட்டத்தில், தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்போர், முடிதிருத்துவோர் முதலிய 18 கைத்தொழிலாருக்குப் பயிற்சி நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் என்று அரசாங்கமே வகுத்தது. அடிப்படைப் பயிற்சி 5 முதல் 7 நாள்; மேற்பயிற்சி 15 நாளும் அதற்கு மேலும். அதே படியைக் கொண்டு ஆறு மாதத்தை அளந்து பாருங்கள். மாதம் 25 நாள் வீதம் 150 நாள். ஆக 75,000 ரூபாய். இலவசம் என்று தண்டோரா போட்ட பயிற்சிக்கு ஓர் ஏழைத் தொழிலாளி தன் வீட்டிலிருந்து செலுத்தும் கட்டணம் இவ்வளவு. 2001-இல் கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், தங்கவயலில் வாழும் நம் மக்கள் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்கு வந்து, கூலி செய்து இரவில் வீடு திரும்பும் நிலை வந்தது. அவர்களிடம் ஓராண்டுப் பயிற்சியைப் பற்றிப் பேசுவோர், இரயில் ஏறாத நாளுக்கு அவ்வீட்டில் கூலி இல்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இவ்விடத்தில் ஆளவி நகரத்து உழவன் கதையை நினைவூட்ட வேண்டும். தம்மபத உரையில் வரும் இக்கதையை அன்பர்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அவனுக்கு அறம் உரைப்பதற்கென்றே பகவன் சாவத்தியிலிருந்து நெடுவழி நடந்து ஆளவிக்கு வந்தார். அன்று காலை அவ்வேழையின் எருது காணாமற் போயிற்று. அவன் அதைத் தேடிச் சென்றான். நகரத்தார் பகவனுக்கு அமுது படைத்துவிட்டு அறவுரைக்குக் காத்திருந்தனர். பகவனோ வாய் திறவாதிருந்தார். நேரம் கழித்துக் களைத்தும் பசித்தும் அவன் வந்து சேர்ந்தபோது, மிச்ச உணவு உளதோ என்று வினவி, அவனை முதலில் உண்ணச் செய்தார். அதன் பின்னரே போதித்தார். பிக்குகள் சிலர் இதைக் கண்டு முணுமுணுத்தனர். பசித் துன்பத்தோடு இருப்பவனால் அறத்தை உணர இயலாது என்பதே பகவன் அவர்களுக்குக் கூறிய விடை.

உணவை முதலில் தந்தார் என்பதோடு இக்கதையை நாம் முடித்துவிடுகிறோம். இதில் இன்னும் இரண்டு காரியங்கள் உள. முதலாவது, நீ கற்றுத் தேறியபின் உண்ணலாம் என்று அவனுக்கு நிபந்தனை விதிக்கவில்லை. இரண்டாவது நம் வினாவுக்கு மிகவும் அணுக்கமானது. அவ்வுழவன் எருதை விட்டுவிட்டு அறவுரைக்கு ஓடி வரவில்லை. தேடிக் கண்டு, அதை மந்தையில் சேர்த்துவிட்டே வந்தான். எருது போனால் வயல் போகும். வயல் போனால் வீட்டார் வாய்க்கு மண். அதை முடித்து வந்தவனை, ஏன் தாமதித்தாய் என்று பகவன் கேட்கவில்லை. தன் வீட்டாரின் பிழைப்பைப் பத்திரம் செய்துவிட்டு ஒருவன் கற்க வருவது, கல்வியை இகழ்வதாகாது என்பதை அந்த மௌனம் ஒப்புக்கொண்டது என்றே நாம் கொள்கிறோம்.

கல்வியின் பொருட்டு ஒரு குடும்பம் என்ன விலை கொடுக்கும் என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சான்று பாபாசாகேபின் இல்லமே. 1913-இல் பரோடா மன்னர் சயாஜிராவ் அளித்த உபகாரச் சம்பளத்தால் அவர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். திரும்பி வந்து பத்தாண்டு பரோடாவில் ஊழியம் செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தே சென்றார். காலக்கெடு முடிந்தமையால் 1917-இல் இலண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது. பின்னர் பம்பாயில் ஆசிரியராக இருந்து சேர்த்த பொருளும், சாகு மகாராசரின் உதவியும், நண்பரிடம் பெற்ற கடனும் கொண்டு 1920-இல் மீண்டும் சென்றார். இவையெல்லாம் நாம் பெருமையோடு மேடையில் கூறுபவை. அக்காலத்தில் பம்பாயில் வீட்டைக் காத்தவர் ரமாபாய் அம்மையார். மன்னர் தந்தது மாணாக்கர் ஒருவருக்கென அளந்த தொகை. அவ்வீட்டின் தலைகளை எண்ணி அளந்ததன்று. வறுமையை அம்மையார் தம் தோளில் சுமந்தார். அவர் பெற்ற ஐந்து மக்களில் நால்வர் இளமையிலேயே மாண்டனர். 1935-இல் அவரும் மறைந்தார். பாகிஸ்தான் கோரிக்கையைக் குறித்து 1940-இல் வெளியிட்ட நூலைப் பாபாசாகேப் அவருடைய நினைவுக்கே காணிக்கையாக்கினார். அத்தகைய பொறுமையை நாம் வணங்குகிறோம். வணங்குவது வேறு, ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அதையே செய்யட்டும் என்று எதிர்பார்த்துச் சும்மா இருப்பது வேறு. இரண்டாவதைச் செய்ய நமக்கு உரிமையில்லை.

அரசாங்கத்தார் இதை முற்றிலும் மறந்தார்கள் என்று கூறுவது நியாயமாகாது. பஞ்சாலைகள் வரிசையாக மூடிய காலத்தில், 1986-இல், ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம் வந்தது. தனியார் ஆலை நிரந்தரமாக மூடியதால் வேலை இழந்தவருக்கு, தகுதிக்குட்பட்ட கூலியில் முதலாண்டு நூற்றுக்கு 75, இரண்டாமாண்டு 50, மூன்றாமாண்டு 25 என்று மூன்றாண்டு கொடுக்க வகை செய்தது. அத்தொகையைக் கடன்காரர் ஜப்தி செய்ய இயலாது என்றும், அவர் சொந்தமாகச் சிறு தொழில் தொடங்கினாலும் உதவி குறையாது என்றும் விதித்தது. இவ்விரண்டையும் எழுதியவர், வேலை இழந்தவன் வீட்டு வாசலில் யார் வந்து நிற்பார் என்பதை அறிந்தவராக இருத்தல் வேண்டும். குறை ஒன்றே. ஆண்டுக்காண்டு உதவி தேய்ந்தது, பசியோ தேய்வதில்லை. மூன்றாமாண்டில் பிள்ளை ஒரு வகுப்பு மேலேறியிருக்கும்; அதற்கேற்பச் செலவும் ஏறியிருக்கும். 2017-இல் இத்திட்டத்தை, தொழிலாளர் ஈட்டுறுதிக் கழகத்தின் ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனாவோடு இணைத்தனர். 2018-இல் அக்கழகம் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற இன்னொன்றையும் கொணர்ந்து, வேலை இழந்தவருக்கு வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை, சராசரிக் கூலியில் நூற்றுக்கு 25 என்று வகுத்தது. 2020-இல் அதை 50 ஆக உயர்த்தினர். நல்லதே. ஆனால் 90 நாளில் ஐ.டி.ஐ.யின் ஓராண்டுத் தொழில் கைக்கு வாராது. அன்றியும் இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கே இவை. பெயர்ப் பட்டியலில் ஏறாமல் கான்ட்ராக்டரிடம் கூலி வாங்குபவருக்கு ஒன்றுமில்லை. நம்மவரில் அத்தகையோரே மிகுதி.

நம்மவரை நேராகத் தொடும் சட்டம் ஒன்று உண்டு. மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலையைத் தடுத்து, அதனின்று மீண்டவருக்கு மறுவாழ்வளிக்க 2013-இல் இயற்றியது அது. அச்சட்டம் வீட்டை வீடாகவே கண்டது. மீண்டவருக்கு உடனடிப் பண உதவி, அவர் மக்களுக்கு உதவிச் சம்பளம், அவருக்கோ குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கோ வேறு தொழிலில் பயிற்சி, பயிற்சிக் காலம் முழுதும் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று விதித்தது. எழுத்தில் இதைவிட நேர்மையான ஏற்பாட்டை நாம் கண்டதில்லை. ஆயினும் அளவை நோக்குங்கள். மாதம் 3,000 என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய். பத்தாண்டு கழித்துத் தச்சரும் கொல்லரும் சில நாட்கள் பயில்வதற்கு நாளொன்றுக்கு 500 என்று வைத்த அதே அரசாங்கம், தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்ட இழிதொழிலை உதறி எழுபவருக்கு எழுதி வைத்த அடித்தொகை இதுதான். குறையாத என்ற சொல் அங்கே இருக்கின்றது. கூட்டித் தருவதைச் சட்டம் தடுக்கவில்லை. தடுப்பது வேறு ஏதோ.

குலத்தொழில் என்பதைச் சாதிக்கட்டு என்று மட்டும் நாம் பேசி வருகிறோம். அதன் ஒவ்வொரு கண்ணியும் அன்றாடக் கூலியால் ஆனது என்பதை மறந்துவிடுகிறோம். துடைப்பத்தைக் கீழே வைத்தவன் கையில் வேறு கருவி ஏறுவதற்கு இடையில் சில மாதங்கள் உள்ளன. அம்மாதங்களில் வீட்டில் அரிசி இல்லையெனில், அவன் பழைய துடைப்பத்தையே மீண்டும் எடுப்பான். அவனுக்குத் தன்மானம் இல்லை என்று அப்போது பேசுவது எளிது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். உதவித்தொகைக்காகவே சிலர் பயிற்சியில் பெயர் எழுதிக்கொள்வர் என்பர். எழுதிக்கொள்வர்தாம். செல்வர் வீட்டுப் பிள்ளைகளிலும் கல்லூரியில் பெயருக்கு இருப்போர் உண்டு. அதற்காகக் கல்லூரிகளை எவரும் மூடச் சொல்லவில்லை. இம்மறுப்பின் மேல் அதிக நேரம் செலவிட வேண்டுவதில்லை.

இதனினும் கனமான மறுப்பு ஒன்று உள்ளது. ஒருவன் வெயிலில் மூட்டை தூக்கிக் குடும்பம் காக்கிறான். பக்கத்து வீட்டான் நிழலில் அமர்ந்து பயின்று, ஏறக்குறைய அதே தொகையைப் பெறுகிறான். முதலாமவன் கடையில் வாங்கும் சோப்புக்கும் எண்ணெய்க்கும் கொடுக்கும் வரியிலும் அத்தொகையின் ஒரு துளி இருக்கிறது. இது நியாயமோ? மூட்டை தூக்கிய அன்பர் ஒருவரே நம்மிடம் இதைக் கேட்டார். உதவி கூலியினும் சற்றுக் குறைந்தே இருக்கட்டும். வாடகை, அரிசி, மருந்து, பள்ளிச் செலவு இவற்றிற்குப் போதுமானதாக மட்டும் இருக்கட்டும். அவரும் தாம் விரும்பும் நாளில் அதே பலகையில் அமரும் உரிமை திறந்திருக்கட்டும் என்று விடை கூறினோம். மூன்றாவது இல்லையேல் முதலிரண்டும் நியாயமாகா. இவ்விடை அவர் மனத்தை முழுதும் ஆற்றவில்லை என்பதையும் கூறிவிடுகிறோம். நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவரை எந்தப் பயிற்சிக் கூடம் சேர்க்கும் என்று திருப்பிக் கேட்டார். திறந்த கதவு அவர் வயதுக்காரருக்கு உண்மையில் திறந்த கதவு அன்று.

எல்லாவற்றிலும் கடினமான முடிச்சு வருகைப் பதிவேட்டில் இருக்கின்றது. உதவித்தொகை பெறுபவன் வகுப்புக்கு வந்தாக வேண்டும் என்பது விதி, வேண்டிய விதியே. அவன் பத்து நாள் வாராவிடில் பத்து நாள் தொகையைப் பிடிக்கின்றனர். அவன் மட்டும் உண்ணும் சோறாயின் வழக்கில்லை. அத்தொகையில் உண்பது ஐவர். தந்தை குடித்துவிட்டுப் படுத்த நாளுக்கு மகளின் தட்டில் சோற்றைக் குறைக்கலாமா?

அயல்நாட்டார் இதன் ஓரத்தைத் தொட்டுள்ளனர். அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டுச் சட்டம், குடும்பத்தைத் தாங்கும் வேலையற்றவர் பயிலும் காலத்தில், அந்தந்த மாநிலத்து வேலையின்மை உதவியின் சராசரி அளவில் 52 வாரம் வரை தொகை தந்தது. ஜெர்மனியில் வேலை இழந்தவர் அங்கீகாரம் பெற்ற பயிற்சியில் சேர்ந்தாலும் உதவி நிற்பதில்லை. முன்பு கையில் வந்த கூலியில் குழந்தை இல்லாதவருக்கு நூற்றுக்கு 60, உள்ளவருக்கு 67 என்று கணக்கிடுகின்றனர். அந்த ஏழு, குழந்தையின் தட்டு. அளவு சிறிதாயினும், வீட்டில் குழந்தை உண்டு என்று சட்டம் வாய்விட்டுச் சொன்னதை மதிக்கிறோம். ஆனால் அங்கும் தொகை வந்து சேர்வது ஒரே கைக்கு.

நமது முடிவு இது. உதவியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பயில்பவன் பங்கு ஒன்று. இல்லத்தின் பங்கு ஒன்று. பயில்பவன் பங்கு அவன் வருகையோடு கட்டுண்டிருக்கலாம்; போக்குவரத்து, தேநீர், கைச்செலவு ஆகியவை அதில் அடங்கும். இல்லத்தின் பங்கு இல்லத்தரசியின் பெயரில், பயிற்சிக்கென வகுத்த காலம் முடிய, குறையாமல் செல்ல வேண்டும். பயில்பவள் பெண்ணாயின் வீட்டில் சமைத்துக் காப்பவர் எவரோ அவர் கையில் செல்லட்டும். அவன் பயிற்சியை அறவே விட்டுவிட்டால் என் செய்வது என்பீர்கள். வேறு வேலைக்குப் போனால் கூலி வரும், உதவி நிற்கலாம். வேலைக்கும் போகாமல் பயிற்சிக்கும் போகாமல் திரிவானாயின், அவ்வீட்டுக்கு உதவி முன்னிலும் அதிகமாக வேண்டும் என்பதே நம் துணிபு. இது பலருக்குக் கசக்கும் என்பதை அறிவோம்.

இத்துணிபுக்கு நாம் கொள்ளும் ஆதாரம் வினைக் கொள்கையே. அவரவர் வினைக்கு அவரவரே உரியர் என்பது பௌத்தரின் பாலபாடம். தந்தை வகுப்புக்குச் செல்லாத வினை தந்தையுடையது. அதன் பயனை மகள் தலையில் ஏற்றுவது எந்த நீதி? இங்கே ஒரு குரல் எழும். அத்தந்தைக்கு மகளாகப் பிறந்ததே அவளுடைய முன்வினை என்று. இக்குரலை நாம் நன்கறிவோம். சேரியில் பிறந்தது உன் முன்வினை என்று நம் பாட்டன் முப்பாட்டனுக்குச் சொன்னதும் இதே குரல்தான். சீவகன் என்னும் துறவி, மாந்தர் நுகரும் இன்ப துன்பமெல்லாம் முன்வினையால் வந்தவைதாமோ என்று கேட்டபோது, பகவன் அதை மறுத்தார். பித்தம், சிலேட்டுமம், வாதம், இவற்றின் கலப்பு, பருவத்தின் மாறுபாடு, பேணுதலில் குறை, பிறர் தாக்குதல், வினை என எட்டு ஏதுக்களைக் கூறி, எல்லாம் முன்வினையே என்போர் தாமே கண்டதையும் உலகம் மெய்யென்று ஏற்றதையும் கடந்து பேசுகின்றனர் என்றார். ஒரு சிறுமியின் தட்டு காலியாக இருப்பதற்கு ஏது எது என்று ஆராய்ந்தால், சம்பளப் பட்டியலில் ஒருவர் போட்ட கோடு ஒன்று தென்படும். அதை முன்வினை என்று பெயரிட்டு நாம் தப்பிக்க முடியாது.

அரசாங்கம் செய்யட்டும் என்று கூறிவிட்டு நாம் ஓய்ந்திருக்க வேண்டியதில்லை. ஐ.டி.ஐ. வகுப்புகள் வழக்கமாக ஆகஸ்டில் தொடங்குகின்றன. வைகாசிப் பௌர்ணமி விழா முடிந்த கையோடு, நம் சங்கத்தைச் சேர்ந்த இல்லங்களில் வேலை இழந்து பயில விரும்புவோர் எவர் என்று கேட்டறிய வேண்டும். சட்டத்தால் அவர்களுக்கு வரவேண்டிய தொகைக்கு விண்ணப்பம் எழுதித் தருவது படித்த இளைஞர்களின் வேலை. தொகை வந்து சேரும் வரை, அக்காலத்துப் பெரியோர் நடத்திய பிடியரிசி முறையை மீண்டும் தொடங்கலாம். நாள்தோறும் உலையில் இடுமுன் ஒரு பிடியை வேறு பானையில் போட்டு வருவது எந்த வீட்டுக்கும் பாரமாகாது. இருபது வீட்டுப் பிடி சேர்ந்தால் ஒரு வீட்டு உலைக்கு அது பெருந்துணை. அரிசியை மாதர் பிரிவினர் மாலை வேளையில் நேரே வீட்டில் கொண்டு சேர்க்கட்டும். பெற்ற இல்லத்தின் பெயரை மேடையிலும் வாசிக்க வேண்டாம். கணக்கில் வீட்டு எண் மட்டும் இருந்தால் போதும். அவ்வீட்டான் இன்று வகுப்புக்குப் போனானா என்று, அரிசி கொண்டு செல்பவர் வாசலில் நின்று கேட்கவும் வேண்டாம்.